மழைக்கு லீவு விடும் ஆர்கெஸ்ட்ரா

கோர்பி: நான் எதை வாசிக்கிறேன்னு சொன்ன? திரும்பச் சொல்லு.

ரெஸி: ட்ராம்போன்டா. எத்தனை தடவை... ட்ராம்போன்!

கோர்பி: அது ஊதுறதா, இழுக்குறதா?

ரெஸி: ரெண்டும். ஊதிக்கிட்டே இழுக்கணும்.

கோர்பி: நான் பொறந்ததுலேர்ந்து ஊதுனது பீர் நுரை மட்டும்தான். பேசாம மேளம்னு சொல்லிடேன். சுத்தியல் பிடிக்கிற கைக்கு அதாச்சும் பொருந்தும்.

ரெஸி: போன்லயே அம்மாகிட்ட ட்ராம்போன்னு சொல்லிட்டேன். இனிமே மாத்த முடியாது. கேட்டா மட்டும் பேசு. கையை மேசைக்கு அடியில வெச்சுக்கோ.

கோர்பி: என் கைக்கு என்ன குறைச்சல்?

ரெஸி: நகக்கண்ணெல்லாம் பாறைத் தூளு. ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கிறவன் கை இப்படியா இருக்கும்?

கோர்பி: உன் கை மட்டும் என்னவாம்?

ரெஸி: நான் காலையிலேர்ந்து எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சுட்டேன்.

கோர்பி: அடிப்பாவி! சரி, அம்மா எங்க?

ரெஸி: பேராலயத்துல மெழுகுவத்தி ஏத்தப் போயிருக்காங்க. நானும் வரேன்னேன். 'நீ இருடி, மேசை போயிடும்'னுட்டாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு நல்ல காபிக் கடை இருக்கு! கேக்கவே இல்ல. இங்கதான் உக்காரணுமாம். நாம வேலை பாக்குற பாறைக்கு நேர் எதுக்க!

கோர்பி: ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்கார வெச்சுடு.

ரெஸி: அதுக்குத்தான் நீ அந்த நாற்காலிய விட்டு எழுந்திரு. இங்க வந்து உக்காரு. ம்... இன்னும் தள்ளி.

கோர்பி: ரெஸி, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்காத. பேசாம உண்மைய சொல்லிடு.

ரெஸி: சொல்லிட்டு?

கோர்பி: சொல்லிட்டுத் திட்டு வாங்கு. திட்டு வாங்கிச் செத்தவங்க யாரும் கிடையாது.

ரெஸி: உனக்குத் தெரியாதுடா.

கோர்பி: என்ன தெரியாது? நீ திருடினியா, பொய்க் கையெழுத்துப் போட்டியா? ஊர்க்காரங்க தலையில கல்லு விழாம, கயித்துல இறங்கி, ஆட்டம் கண்ட கல்லையெல்லாம் தட்டித் தட்டிப் பாத்துத் தள்ளிவிடுற வேலை. நகராட்சிச் சம்பளம். இதுல என்ன பாவம் இருக்கு?

ரெஸி: அந்தக் கயிறுதான் பாவம்.

கோர்பி: ம்?

ரெஸி: எனக்குப் பன்னெண்டு வயசுல அப்பா போயிட்டாரு. மலை மீட்புக் குழுவுல இருந்தாருல்ல... எவனோ ஒருத்தன் பாறையில மாட்டிக்கிட்டான்னு இறங்குனாரு. அவன் பொழச்சுட்டான். அப்பாவைக் கயித்தோட கொண்டு வந்தாங்க. அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு அம்மா அந்தக் கயித்தை ரொட்டி அறுக்குற கத்தியால துண்டு துண்டா அறுத்து, எங்க ரொட்டிக் கடை அடுப்புல போட்டாங்க. என்னைக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து அடுப்பு முன்னாடி நிறுத்தி, 'இனிமே இந்த வீட்ல யாரும் கயித்துல தொங்கக் கூடாது, சொல்லு'ன்னாங்க.

கோர்பி: சொன்னியா?

ரெஸி: சொன்னேன். மூணு நாளு ஊர் ரொட்டி முழுக்க அந்த வாடை. ஊர்ல ஒருத்தர் கூட வாய் திறந்து ஏன்னு கேக்கல.

கோர்பி: இப்போ தெரிஞ்சா திட்டுவாங்களா?

ரெஸி: அவங்க திட்ட மாட்டாங்கடா. திட்டினா பரவாயில்லையே. பேசாம பையைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறிடுவாங்க. அப்புறம் எனக்கு அம்மா கிடையாது. எனக்கு இருக்குறது அவங்க ஒருத்தங்கதான். அஞ்சு பத்துக்கு அவங்க ரயில். அது வரைக்கும் எப்படியாச்சும்... கையை உள்ள வை, வந்துட்டாங்க!

அம்மா: என்னடி இது, இழவு வீட்ல உக்காந்த மாதிரி ரெண்டு பேரும்?

ரெஸி: ஒண்ணும் இல்லம்மா. வா, இங்க உக்காரு. இல்ல, அந்த நாற்காலி வேண்டாம். அதுல... காத்து அடிக்கும்.

அம்மா: ஜன்னல் மூடியிருக்கே.

ரெஸி: மூடியிருந்தாலும் அடிக்கும்.

அம்மா: சரி, சரி. இந்தத் தம்பிதான் கோர்பியா?

கோர்பி: ஆமாங்கம்மா. வணக்கம். ட்ராம்போன்.

அம்மா: உன் பேரைத்தான் கேட்டேன் தம்பி.

கோர்பி: பேரு கோர்பிதாங்க. ட்ராம்போன் வந்து... தொழில்.

அம்மா: நல்ல தொழில். கை குடுக்க மாட்டியா? எங்க ஊர்ல கை குடுத்துத்தான் பழக்கம்.

கோர்பி: கையில... கொஞ்சம் அடிபட்டிருக்குங்க.

அம்மா: ரெண்டு கையிலயுமா?

ரெஸி: அம்மா, என்ன சாப்பிடுற? ஆப்பிள் ரொட்டிச் சுருள் நல்லா இருக்கும்.

அம்மா: வரும்போதே நோக்கர்ல் சொல்லிட்டேன்.

ரெஸி: ஐயோ, அது வெளியூர்க்காரங்க திங்கிறதும்மா! முட்டை வெள்ளைக் கருவும் காத்தும். வர்றதுக்கு இருபது நிமிஷம் ஆகும்.

அம்மா: நானும் வெளியூர்க்காரிதானே. அஞ்சு வருஷத்துல ஒரு தடவையாச்சும் 'வாம்மா, ஊரைச் சுத்திப் பாக்கலாம்'னு கூப்பிட்டியா? நானே டிக்கெட் வாங்கி வந்திருக்கேன். முட்டையாவது தின்னுட்டுப் போறேன். ஆமா, அந்தப் பக்கத் தெருவ ஏன் மறிச்சு வெச்சிருக்காங்க?

ரெஸி: எந்தத் தெரு?

அம்மா: அதோ, பாறைக்கு அடியில போற தெரு. கட்டை போட்டு, சிவப்புத் துணி கட்டி...

கோர்பி: தார் போடறாங்கம்மா.

ரெஸி: கல்யாணம்.

அம்மா: கல்யாணத்துக்குத் தார் போடறாங்களா?

கோர்பி: இந்த ஊர்ல கொஞ்சம்... விமரிசையாப் பண்ணுவாங்க.

அம்மா: சரிதான். ராத்திரி கச்சேரிக்கு எனக்கு எங்க இடம்? முன்னாடியா, பின்னாடியா?

ரெஸி: அதான்மா, சொல்ல நினைச்சேன். கச்சேரி இன்னிக்கு இல்ல. குழுத் தலைவருக்குக் கால் பிசகிடுச்சு.

கோர்பி: ஜுரம்.

அம்மா: காலா, ஜுரமா?

ரெஸி: கால் பிசகி, அதுல ஜுரம் வந்துடுச்சு.

அம்மா: பாவம். மழை வேற பெய்யுது. மழைன்னா உங்களுக்கு எப்படியும் லீவுதானே?

ரெஸி: என்னது?

அம்மா: போன மாசம் போன்ல சொன்னியே. 'காலையிலேர்ந்து மழைம்மா, வேலை இல்ல, தூங்கிட்டேன்'னு. அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை. மழைக்கும் வயலினுக்கும் என்னடி சம்பந்தம்? கூரை ஒழுகுதா?

ரெஸி: அது... மரம்மா. வயலின் மரம் இல்லையா? ஈரத்துல ஊறிடும்.

கோர்பி: ட்ராம்போன் துருப்பிடிக்குங்க.

அம்மா: இந்த ஊர்ல வருஷத்துல பாதி நாள் நூல் நூலா ஊத்துது. அப்போ பாதி நாள் சங்கீதமே கிடையாதா? இத்தனை ஜனம் எதுக்குடி குடையும் கையுமா வந்து நிக்குது?

கோர்பி: அதான் எங்களுக்கும் புரியலம்மா.

ரெஸி: நீ பேசாம இரு.

அம்மா: வியாழக்கிழமை மழை இல்லையே?

ரெஸி: வியாழக்கிழமையா?

அம்மா: ஏழு தடவை போன் போட்டேன். எட்டு மணிக்குத்தான் எடுத்த. 'ஒத்திகை நீண்டுடுச்சு'ன்ன. என்ன ஒத்திகை அது, அவ்வளவு நேரம்?

ரெஸி: ஒரு இடத்துல... எல்லாரும் மாட்டிக்கிட்டோம்மா. அந்த ஒரு இடம் சரியாவே வரல. பாதியில விட்டுட்டு வர முடியாது.

கோர்பி: ரொம்பக் கனமான இடங்க அது.

அம்மா: அப்படியா? என் அடுப்புல இருபது ரொட்டி கருகிப் போச்சு அன்னிக்கு. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை. சரி விடு. தம்பி, உனக்குன்னு ஒரு ரொட்டி கொண்டாந்தேன். காலையில நாலு மணிக்குச் சுட்டது. இந்தா.

கோர்பி: எதுக்குங்கம்மா சிரமம்... அட, நல்லா பெருசா இருக்கே... ஐயோ!

அம்மா: என்ன?

கோர்பி: தட்டினா டொம்முங்குதுங்க! உள்ள முழுக்கப் பொள்ளல். இது நிக்காது, இன்னிக்கே எடுத்துடணும். ரெஸி, அந்தக் கடப்பாரைய...

ரெஸி: கோர்பி!

அம்மா: ரொட்டின்னா அடியில தட்டினா டொம்முன்னுதான் கேக்கணும் தம்பி. அப்பத்தான் வெந்திருக்குன்னு அர்த்தம்.

கோர்பி: ஆமாங்க. அதுவும்... ஆமாங்க.

அம்மா: எனக்கு வயசு அம்பத்தி ரெண்டு. ரொட்டிக்கு வெண்ணெய் கேட்டவங்களப் பாத்திருக்கேன், ஜாம் கேட்டவங்களப் பாத்திருக்கேன். கடப்பாரை கேட்ட ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன்.

கோர்பி: நான் கிளம்பறேங்க. எனக்கு ஒத்திகை இருக்கு.

அம்மா: மழையிலயா?

கோர்பி: மழை... விடப்போகுதுங்க.

அம்மா: நல்லா இரு. தம்பி, நாற்காலிக்கு அடியில உன் மஞ்சள் சட்டிய விட்டுட்டுப் போறியே.

கோர்பி: அது... சைக்கிள் ஹெல்மெட்டுங்க.

அம்மா: நெத்தியில விளக்கெல்லாம் வெச்சிருக்கு. ரொம்ப இருட்டான சைக்கிளோ?

கோர்பி: ரெஸி, நான் வரேன். நான் சொன்னத யோசி. அம்மா, ரொட்டிக்கு ரொம்ப நன்றிங்க.

அம்மா: நல்ல பையன். பொய் சொல்லத் தெரியல. அதனாலதான் நல்ல பையன். அதோ, நோக்கர்ல் வந்துடுச்சு. அடேயப்பா, மூணு மேடு! மேல சர்க்கரைப் பனி வேற. கிண்ணத்துலயே மலையக் கொண்டாந்து வெச்சிட்டாங்க.

ரெஸி: சீக்கிரம் சாப்பிடும்மா. ஆறினா உக்காந்துடும்.

அம்மா: எவ்வளவு நேரம் நிக்கும்?

ரெஸி: பத்து நிமிஷம் நின்னா பெருசு.

அம்மா: அப்போ பத்து நிமிஷம் இருக்கு. சொல்லு.

ரெஸி: என்னத்தை?

அம்மா: வந்ததுலேர்ந்து முழுங்கிக்கிட்டே இருக்கியே, அதை.

ரெஸி: ஒண்ணும்...

அம்மா: ரெஸி.

ரெஸி: ...நான் ஆர்கெஸ்ட்ராவுல இல்லம்மா.

அம்மா: ம்.

ரெஸி: இருந்ததே இல்ல. சங்கீதக் காலேஜும் ஒரு வருஷம்தான் போனேன். எனக்கு அடுத்த அறையில ஒருத்தி வாசிப்பா. சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து தினம் கேப்பேன். நான் தப்பில்லாம வாசிப்பேன்மா, அவ்வளவுதான். அவ வாசிச்சா அழுகை வரும். எனக்கு நல்ல காது இருந்துச்சு. நான் அவ்வளவு இல்லங்கறதும் அந்தக் காதுக்கே கேட்டுடுச்சு.

அம்மா: அப்புறம்?

ரெஸி: ஒருநாள் வயலினைத் தூக்கிக்கிட்டு இந்தத் தெருவுல நிக்கிறேன், மேல பாறையைத் தட்டிக்கிட்டிருக்காங்க. நல்ல கல்லு கிண்ணுனு கேக்கும். பிடி விட்டுப்போன கல்லு டொம்முன்னு கேக்கும். நம்ம ரொட்டி மாதிரியே, ஆனா தலைகீழ். நான் கீழே நின்னே சொல்லிட்டேன், 'அந்த இடது பக்கம் ஒண்ணு போகப்போகுது'ன்னு. மேஸ்திரி சிரிச்சாரு. அப்புறம் தட்டிப் பாத்தாரு. அப்புறம் என் பேரைக் கேட்டாரு.

அம்மா: சாப்பிடு, உக்காருது.

ரெஸி: அம்மா, நான் கயித்துல தொங்குறேம்மா. நாலு வருஷமா. இந்தா, இந்த ஜன்னலுக்கு நேரா. அடுப்பு முன்னாடி சொன்னதை... நான் மீறிட்டேன். இப்போ நீ எந்திரிச்சுப் போறதுன்னா போ. ஆனா எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கும்மா. வேற எதுவும் இவ்வளவு பிடிச்சதில்ல. அதுதான் எனக்குப் பெரிய பயமா இருக்கு.

அம்மா: கயிறு எத்தனை?

ரெஸி: என்னது?

அம்மா: கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ஒரு ஆளுக்கு எத்தனை கயிறு?

ரெஸி: ரெண்டு.

அம்மா: ரெண்டும் ஒரே மரத்துலயா கட்டுவீங்க?

ரெஸி: இல்லம்மா, தனித்தனியா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும்.

அம்மா: உங்க அப்பாவுக்கு அன்னிக்கு ஒண்ணுதான். அவசரம்னு ஒண்ணோட இறங்கிட்டாரு. அந்த இன்னொரு கயிறு கொட்டகையில ஆணியில தொங்கிக்கிட்டு இருந்துச்சுடி. எரிச்சேனே, அதுல அதுவும் சேர்த்திதான்.

ரெஸி: எனக்குத் தெரியாதும்மா.

அம்மா: யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை என்ன ஆச்சு? நிஜமா?

ரெஸி: ஒரு மாடு அளவுக்குக் கல்லு. கீழே ரெண்டு வீடு. தட்டினா மொத்தமும் டொம்முங்குது. அப்படியே விட்டுட்டு இறங்க முடியல. துண்டு துண்டா உடைச்சுக் கூடையில கட்டி இறக்கி முடிக்க எட்டு ஆயிடுச்சு. போன் வண்டியில கிடந்துச்சு. வேணும்னு எடுக்காம இல்லம்மா.

அம்மா: அந்த வீட்ல யாரு இருக்காங்க?

ரெஸி: ஒரு தையல்காரரும் அவரு சம்சாரமும். மூணு குழந்தைங்க.

அம்மா: அப்போ சரி.

ரெஸி: என்ன சரி?

அம்மா: இருபது ரொட்டி போனாலும் சரின்னேன். எதுக்குடி அழுற? மூக்கைத் துடை. ஊரே பாக்குது.

ரெஸி: நீ எந்திரிச்சுப் போயிடுவன்னு நினைச்சேன்.

அம்மா: பன்னெண்டு வயசுப் பொண்ணைக் கையப் பிடிச்சு இழுத்து நெருப்பு முன்னாடி நிறுத்தி வாங்கினது சத்தியமா? அன்னிக்கு நான் மனுஷியா இல்லடி. நீ அதை மீறினது தப்பில்ல. நான் அதைக் கேட்டதுதான் தப்பு. இத்தனை வருஷமா சொல்லணும் சொல்லணும்னு... வாய் வரல.

ரெஸி: அம்மா...

அம்மா: சரி, சரி. சர்க்கரையெல்லாம் என் மேல கொட்டாத.

ரெஸி: அப்பாடா! நாலு வருஷமா நெஞ்சுல ஒரு கல்லு இருந்துச்சும்மா. எவ்வளவு தட்டியும் அது மட்டும் விழவே இல்ல.

அம்மா: இப்போ விழுந்துடுச்சா?

ரெஸி: விழுந்துடுச்சு. ஆனா... உனக்கு அதிர்ச்சியே இல்லையே. நீ பாட்டுக்குக் கயிறு எத்தனைன்னு கேக்கிற.

அம்மா: பாரு, ஒரு மேடு உக்காந்துடுச்சு. நான் அப்பவே சொன்னேன்.

ரெஸி: பேச்சை மாத்தாத. அது என்ன, உன் பைக்குள்ள மணி அடிக்குது?

அம்மா: போன்தான். இரு, நிறுத்தறேன். இந்தக் கண்ணாடி எங்க போச்சு...

ரெஸி: குடு, நான் நிறுத்தறேன். யாரும் கூப்பிடலையே... அலாரம். நாலரைக்கு வெச்சிருக்க.

அம்மா: மாத்திரைடி.

ரெஸி: என்ன மாத்திரை?

அம்மா: ரத்த அழுத்தத்துக்கு.

ரெஸி: உனக்கு ஏது ரத்த அழுத்தம்? டாக்டர் உன்னைப் பாத்துட்டு அவருக்குத்தான் மாத்திரை போட்டுக்குவாரு. அம்மா... நீ தினம் எனக்கு போன் பண்றது இந்த நேரத்துக்குத்தானே?

அம்மா: பண்ணுவேன். அதுக்கென்ன?

ரெஸி: எப்பவும் நான் பாறையிலேர்ந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழட்டுறேன், போன் அடிக்கும். கோர்பி கூட கிண்டல் பண்ணுவான், 'உங்க அம்மா எங்கயோ ஒளிஞ்சு பாக்குறாங்க'ன்னு.

அம்மா: ஒருநாள் பாத்தேன்.

ரெஸி: என்னது?

அம்மா: மூணு வருஷம் ஆச்சு. உன் பேருக்குரிய புனிதர் திருநாளுக்கு உங்கிட்ட சொல்லாம ஒரு ரொட்டியத் தூக்கிக்கிட்டு வந்தேன். காலேஜ்ல போய்க் கேட்டா, 'அந்தப் பொண்ணு நின்னு ஒரு வருஷம் ஆச்சே'ன்னாங்க. என்ன செய்யறதுன்னு தெரியாம இந்தத் தெருவுக்கு வரேன், கட்டை போட்டு மறிச்சிருக்கு. எல்லாரும் மேல பாக்குறாங்க, நானும் பாத்தேன். ஒரு பொண்ணு தொங்கிக்கிட்டு கல்லைத் தட்டுது, தட்டிட்டுத் தலையைச் சாய்ச்சுக் காதை வெக்குது. என் அடுப்பு முன்னாடி நின்னு நீ ரொட்டியத் தட்டிக் கேக்குற மாதிரியே... ஹெல்மெட்டு போட்டா எனக்கு எம் பொண்ணு தெரியாதாடி?

ரெஸி: அம்மா! நீ... என்ன பண்ணின?

அம்மா: நின்னேன். நீ கீழ வந்து கால் ஊனுற வரைக்கும். மணி நாலரை. அப்புறம் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த ரொட்டிய நானே பிச்சுப் பிச்சுத் தின்னுக்கிட்டே ஊர் போய்ச் சேர்ந்தேன்.

ரெஸி: ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா!

அம்மா: கேட்டிருந்தா நீ வேலைய விட்டிருக்க மாட்ட. எங்கிட்ட பேசறதை விட்டிருப்ப. எனக்கும் நீ ஒருத்திதானே இருக்க.

ரெஸி: ஆனா அன்னிக்கு ரயில்லேர்ந்து போன் பண்ணினியேம்மா! எனக்கு நல்லா நெனவிருக்கு. நல்லா சந்தோஷமாத்தான் பேசின. எப்பவும் கேக்குறதத்தான் கேட்ட. இந்த மூணு வருஷத்துல ஒருநாள் கூட 'கச்சேரி எப்படி'ன்னு நீ கேட்டதே இல்ல. 'சாப்டியா?' அவ்வளவுதான். நான் 'சாப்டேன்'னு சொன்னதும் வெச்சுடுவ.

அம்மா: 'இறங்கிட்டியா'ன்னு எப்படிடி கேக்கறது? அதான் 'சாப்டியா'ன்னு கேட்டேன்.